கல்லாவும் கரண்டியும்

கேள்வி: சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒரு முறைப்படி நடத்தச் சொல்கிறான் மகன். அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே? எங்கள் மாஸ்டரின் கைப்பக்குவம் போதாதா?

பதில்: மாஸ்டர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் உங்கள் சாம்பாரும் அவரோடு பஸ் ஏறிவிடுமே! பெரிய கம்பெனியைவிட உங்களுக்குத்தான் இது அவசரம். அங்கே ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் இருப்பார். இங்கே கல்லாவுக்கு நீங்கள் ஒருவர்தான், கரண்டிக்கு மாஸ்டர் ஒருவர்தான்.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் நடத்தியதும் ஒற்றைக் கடைதான். 1948-இல், நன்றாக ஓடிய கடையைச் சில மாதம் மூடிவைத்து, பட்டியலை ஒன்பது பண்டங்களாகச் சுருக்கினார்கள். வறுப்பவர் வறுக்க வேண்டும், பொட்டலம் கட்டுபவர் கட்ட வேண்டும், ஆளுக்கொரு வேலை. ஹாம்பர்கர் 15 சென்ட்டுக்கு வந்தது. பிறகு புதுக் கடைக்காக டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்தார்கள். ஊழியர்களை அதற்குள் சமைப்பதுபோல் நடமாடவிட்டு, யார் யாரை இடிக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அழித்து வரைந்தார்கள். அடுப்பே இல்லாமல் நடந்த அருமையான சமையல்! 1954-இல் அவர்கள் கடைக்கு வந்த மில்க் ஷேக் மெஷின் விற்பனையாளர் ரே கிராக் மயங்கியது இந்த ஒழுங்கில்தான்.

உங்கள் மாஸ்டரின் கைப்பக்குவத்தையும் இந்த ஒழுங்கு காப்பாற்றும். அரிசி எத்தனை படி, உளுந்து எவ்வளவு, ஊறல் எத்தனை மணி நேரம், உப்புக்கு எந்தக் கரண்டி என்று மாஸ்டர் செய்யும்போதே மகன் எழுதட்டும். முதலில் சமையல், சரக்குக் கணக்கு அடுத்த மாதம். மாஸ்டருக்குச் சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள். சொத்தை எழுதிக் கொடுப்பவர் அவரல்லவா?