சக்கரப் பொருத்தம்: ஒரு பழைய மாருதிக்கு வரன் பார்த்த ஆய்வறிக்கை

1. ஆய்வுச் சிக்கல்

சக்கரம் வட்டமானது. வட்டமெல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆகவே எந்த வண்டிக்கும் எந்தச் சக்கரமும் பொருந்தும். இப்படி நம்பித்தான் இவ்வாய்வாளர் களத்தில் இறங்கினார். மூன்று வாக்கியங்களில் முதலாவது மட்டுமே கடைசிவரை தாக்குப்பிடித்தது.

ஆய்வுப்பொருள், 1998இல் பிறந்த மாருதி 800. 796 சிசி என்ஜின், 12 அங்குல இரும்பு ரிம், 145/70 ஆர்12 டயர். சென்ற தை மாதம் வண்டிக்குப் பெயின்ட் அடித்தோம். அடித்த மறுநாளே நான்கு சக்கரங்களுக்கும் கிழடு தட்டிவிட்டது. அலாய் வீல் போட்டால் வண்டிக்குப் பத்து வயது குறையும் என்பது ஆய்வாளரின் கருதுகோள். குறையப்போவது பணம்தான் என்பது வீட்டம்மாவின் மாற்றுக் கருதுகோள்.

2. ஆய்வு நெறி

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஐந்தாறு தேறினால் ஜோசியர் தேதி குறித்துவிடுவார். சக்கரத்துக்கு இருப்பது ஐந்தே பொருத்தம். ஐந்தும் தேறியாக வேண்டும். மனிதர்கள் அனுசரித்துப் போவார்கள். இரும்பு போகாது.

ஆய்வுக் களங்கள் சென்னைப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும். கருவிகள் ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், அளவு கடந்த ஆசை.

3. ரஜ்ஜுப் பொருத்தம்: பிசிடி

ரஜ்ஜு தட்டினால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்பார்கள். சக்கரத்தின் ரஜ்ஜு பிசிடி. நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் அது. நாலு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு ஸ்கேல் வைத்தாலே கிடைத்துவிடும். மாருதி 800க்கு 114.3 மில்லிமீட்டர். அந்த ‘புள்ளி மூன்று’ எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் இரண்டு நாள் தூக்கம் கெட்டார். கணக்குப் போட்டால் அது நாலரை அங்குலம். மெட்ரிக் சட்டை மாட்டிக்கொண்டு திரிகிறது.

கடைப்பையன் எடுத்துக் காட்டிய அழகான ரிம்மின் பிசிடி 100.

“இதுலயும் நாலு ஓட்டைதானேப்பா?”

“நாலுதான் சார். ஆனா இந்த நாலு வேற, அந்த நாலு வேற.”

தத்துவத்தைச் சொன்ன அதே வாய் அடுத்து, “வேணும்னா ஓட்டையை லேசா இழைச்சிடலாம் சார்” என்றது. இழைத்த ஓட்டையில் நட்டு சரியாக உட்காராது. ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் தனிக்குடித்தனம் போவதற்கான முதற்படி அது.

4. வசியப் பொருத்தம்: நடுத்துளை

ரிம்மின் நடுத்துளை ஹப்பைக் கச்சிதமாகக் கவ்வ வேண்டும். சிறிதானால் ஏறவே ஏறாது. பெரிதானால் ஏறும், ஆனால் மையம் பிசகி, வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் உண்டு. விலை குறைவு என்பதால் கடையில் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

5. கணப் பொருத்தம்: ஆஃப்செட்

ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ, அதுவே ஆஃப்செட். எண் குறைந்தால் சக்கரம் மட்கார்டைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கும். பேரிங்குக்கும் பாரம் கூடும். எண் கூடினால் உள்ளே ஒடுங்கிப்போய் ஷாக் அப்சார்பரை உரசும். முன்னது ராட்சச கணம், பின்னது தேவ கணம். நமக்கு வேண்டியது மனுஷ கணம்.

பழைய வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்பதால் காலி வண்டியில் பார்த்துத் திருப்தியடைவது ஆய்வுப் பிழை. முகூர்த்தத்துக்குக் கிளம்புகிற மாதிரி ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும்.

6. மகேந்திரப் பொருத்தம்: வளர்ச்சி

145/70 ஆர்12 என்பதில் அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தின் விழுக்காட்டில், ரிம் அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று கணக்கு. 145இல் 70 விழுக்காடு 101.5. மேலும் கீழுமாக 203. அதோடு 12 அங்குலத்தின் 304.8. ஆக மொத்த உயரம் 507.8 மில்லிமீட்டர்.

ஆய்வாளர் ஆசைப்பட்டது 13 அங்குல ரிம்மில் 155/65 டயர். அதன் உயரம் 531.7, ஏறக்குறைய 4.7 விழுக்காடு அதிகம். வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது என்பது தொழில் வழக்கு. மீறினால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63ஐ நெருங்கியிருக்கும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். வண்டிக்கு வயது குறையும் என்ற கருதுகோளுக்குக் கிடைத்த ஒரே சான்று இதுதான்.

7. தினப் பொருத்தம்: பிறந்த தேதி

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்தது. “புத்தம் புதுசு சார்” என்று நீட்டப்பட்ட டயரை டார்ச் அடித்துப் பார்த்ததில், அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். பக்கத்திலேயே பாரக் குறியீடும் உண்டு. 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ சுமக்கும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

8. பெரியோர் சம்மதம்

ஐந்தும் தேறினாலும் இரண்டு பெரியவர்கள் பாக்கி. ஒருவர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றாதே என்பார். 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

மற்றவர் ஸ்டெப்னி. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் பிறந்த உதிரிச் சக்கரம். தெருப்பெயரை நாம் இன்றும் விடவில்லை. நான்கும் 13 ஆகிவிட்டால் இவர் மட்டும் 12ஆகவே இருப்பார். பஞ்சரான ராத்திரியில் வண்டி ஒரு பக்கம் நொண்டும்போதுதான் இவர் ஞாபகம் வரும்.

9. முடிவுகள்

ஐந்து பொருத்தமும் இரு சம்மதமும் பெற்ற சக்கரம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அது ஏற்கெனவே வண்டியில் இருந்தது. இரும்பு ரிம்களைக் கழற்றித் துருவைச் சுரண்டி, வெள்ளி பெயின்ட் அடித்து, தேதி பார்த்து வாங்கிய 145/70 ஆர்12 டயர்களை மாட்டினோம். வீட்டம்மா தம் கருதுகோளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பில்லை மட்டும் மடித்துப் பத்திரப்படுத்தினார்.

10. மேலாய்வுக்கான களம்

சக்கரம் மாட்டிய மறுநாள் காலையிலிருந்து ஹெட்லைட் இரண்டும் மங்கலாகத் தெரிகின்றன.