ஊரான் வீட்டு நெய்

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. பார்சிலோனாக் கிளப்புக்குக் கடன்னு சொன்னா உனக்கு ஏன் மூஞ்சி சுண்டிப் போகுது? "அது கடன் இல்ல தாத்தா, நிதி மேலாண்மை"ங்க. சரிப்பா. வட்டி கட்டுறாகளா இல்லையா? கட்டுனா அது கடன்தான். கோட்டு போட்டவன் வாங்குனாலும் கடன்தான்.

இல்லாதவன் கடன்பட்டா தலையெழுத்துன்னு விட்டுரலாம். இவுக இல்லாதவுகளா? 2018-19 சீசன்ல 84 கோடி யூரோ வருமானம். உலகத்துலயே அதிகம் சம்பாதிச்ச கால்பந்துக் கிளப்பு இதுதான்னு டெலாய்ட்டுங்கிற கணக்குக் கம்பெனிக்காரன் பட்டியல் போட்டுச் சொன்னான். அப்புறம் 2021 ஆகஸ்டுல தலைவரு லபோர்ட்டா பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, 135 கோடி யூரோ கடன்னு கையை விரிச்சாரு. நம்ம காசுக்கு 11,000 கோடிக்கு மேல. நடுவுல கொரோனா வந்துச்சு, வாஸ்தவம்தான். ஆனா அது இவுக வீட்டுக் கதவை மட்டுமா தட்டுச்சு?

வினை எங்க ஆரம்பிச்சுச்சு தெரியுமா? காசு வந்ததுல. 2017ல பாரீஸ் கிளப்புக்காரன் 22.2 கோடி யூரோவைக் கொட்டி இவுக ஆட்டக்காரன் நெய்மாரைத் தூக்கிட்டுப் போனான். இவுக கையில காசு இருக்கு, ஆள் போன ரோசமும் இருக்கு. இது ஊருக்கே தெரியும். விக்கிறவன் சும்மா விடுவானா? டெம்பெலேக்கு 10.5 கோடி. கூட்டின்யோவுக்கு 12 கோடி. அதுக்கு மேல, இத்தனை ஆட்டம் ஆடுனா இம்புட்டு, கப்பு ஜெயிச்சா இம்புட்டுன்னு தனிப் பட்டியல். 2019ல கிரீஸ்மனுக்கு இன்னொரு 12 கோடி. அதுக்குள்ள நெய்மார் காசு கரைஞ்சு போச்சு. கடன் வாங்கித்தான் கட்டுனாக.

அந்தக் கூட்டின்யோ சரியா ஆடலைன்னு பயர்ன் மியூனிக் கிளப்புக்கு ஒரு வருஷம் கடனா அனுப்புனாக. 2020 ஆகஸ்டு 14, லிஸ்பன்ல சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். எதிர எவன் நிக்கான்? அதே பயர்ன். எட்டுக்கு ரெண்டுன்னு உதை. கடைசி நேரத்துல உள்ள இறங்கி ரெண்டு கோல் போட்டது யாரு? நம்ம கூட்டின்யோதான்! கடன் வாங்கிக் கெட்டவன் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆளைக் கடன் குடுத்துக் கெட்டவனை அன்னைக்குத்தான் பாத்தேன்.

கணக்குல காட்டுன வித்தையைக் கேளு. 2020 ஜூன் கடைசி. வருஷக் கணக்கை மூடணும், நட்டம் தெரியக் கூடாது. ஆர்த்தர்ங்கிற ஆட்டக்காரனை யுவெண்டஸ் கிளப்புக்கு 7.2 கோடிக்கு வித்தாக. அதே வாரம் அங்கேருந்து பியானிச்சை 6 கோடிக்கு வாங்குனாக. போன பையனுக்கு வயசு 23, வந்த ஆளுக்கு 30. ஆட்டுச் சந்தையில ரெண்டு பேரு கிடாயை மாத்திக்கிட்டு, ஆளுக்கொரு பக்கம் "ஏ, லட்ச ரூவாய்க்கு வித்துட்டேன்"னு மீசையை முறுக்குவான் பாரு, அதேதான். வித்த லாபத்தை அந்த வருஷமே எழுதிக்கலாம். வாங்குன செலவை ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனைக்கும் பிரிச்சு எழுதலாம். சட்டப்படி தப்பில்ல. ஆனா வயிறு சட்டத்தையா திங்கும்?

சம்பளம்? வருமானம் 100 வந்தா சம்பளமே 103 போகுதுன்னு லபோர்ட்டாவே சொன்னாரு. மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஆடத் தயாரா இருந்தும், சம்பளத்துக்கு வரம்பு போட்ட லீக் விதி இடம் குடுக்கல. கிளப்பை விட்டுப் போறப்ப மனுசன் மேடையில நின்னு தேம்பி அழுதான். நீயும் இங்க சோறு திங்காம அழுத, ஞாபகம் இருக்கா?

சரி, அதுக்கப்புறமாச்சும் அடங்குனாகளா? 2022ல 25 வருசத்து லீக் டிவி வருமானத்துல கால் பங்கை சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டுங்கிற அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாக. அந்தக் காசு வந்த சூட்டுல 33 வயசு லெவண்டோவ்ஸ்கியை வாங்குனாக. லீக் கப்பு வந்துச்சு, இல்லேங்கல. ஆனா அந்த 25 வருசம் முடியிறப்ப கோல் போடுறவன் இன்னும் பொறந்தே இருக்க மாட்டான். அவன் பங்குலேருந்தும் இன்னைக்கே எடுத்தாச்சு. மைதானத்தைப் புதுசாக் கட்ட 2023ல 145 கோடி யூரோ தனிக் கடன். கட்டி முடிக்கு முன்னாடியே, டானி ஓல்மோங்கிற ஆட்டக்காரனை லீக்ல பதிய வழியில்லாம, மைதானத்து விஐபி அறைகளோட உரிமையை 10 கோடிக்கு வித்தாக.

ஏன் இப்படி? முதலாளி யாருன்னு கேளு, விளங்கும். ஒரு லட்சத்துக்கு மேல உறுப்பினருங்க. அத்தனை பேரும் சொந்தக்காரன். தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காக. ஓட்டுக் கேக்குறவன் "கடனை அடைப்பேன்"னு சொன்னா எவன் கை தட்டுவான்? "பெரிய ஆட்டக்காரனைக் கொண்டாறேன்"னு சொன்னாத்தான் விசில். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்துனாக. 'கிளப்புக்கும் மேலான கிளப்பு'ன்னு பெருமையா எழுதி வச்சிருக்காகல்ல? கிளப்புக்கு மேல சரி. கணக்குக்கும் மேலயா?

இதுல சிரிப்பு என்னன்னா, தேடுன புதையல் வீட்டுலயே கிடந்துச்சு. மாசியான்னு 1702ல கட்டுன பழைய பண்ணை வீடு. 1979லேருந்து பையங்களைத் தங்க வச்சுப் பழக்குனது அங்கதான். இப்ப இடம் மாறியாச்சு, பழக்கம் மாறல. இனியஸ்டா அங்க வளந்தவன். மெஸ்ஸியை 13 வயசுல சேக்க, கை துடைக்கிற காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாக. 2024ல அந்தக் காகிதம் மட்டும் 7,62,400 பவுண்டுக்கு ஏலம் போச்சு. அதுவும் கிளப்புக்கு வரல! இன்னைக்கு லமீன் யமாலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான். கோடி கோடியா குடுத்து வாங்கல. சோறு போட்டு வளத்தாக.

நீ புது பைக்குக்குத் தவணை போடப் போறதா உங்கம்மா சொன்னா. போடு, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பார்சிலோனா தவறுனா தாங்கிப் பிடிக்க ஒரு லட்சம் பேர் இருக்காக, பேங்குக்காரனும் பேரைப் பாத்து இன்னும் நீட்டுவான். நீ தவறுனா உனக்கு ஜாமீன் போட்டது உங்கப்பன் ஒருத்தன்தான்லே. அவனுக்கு விக்க விஐபி அறையும் கிடையாது.