மீதி 160 எங்கே?

கொலம்பஸ், ஓஹையோ
டிசம்பர் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

வாட்ஸ்அப்பில் நாலு வரி கேட்டதற்கு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். "தம்பி புது டி.வி. வாங்கச் சொல்கிறான். 4கே போதுமா, 8கே வேண்டுமா? நீ அமெரிக்காவில் இருக்கிறவன், உனக்குத் தெரியாததா?" என்று கேட்டிருந்தீர்கள். வேதாரண்யத்தில் முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்த உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் போன வாரம் நானே ஒரு டி.வி. வாங்கிப் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த ஊர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மனிதர் இந்தியாவைத் தேடிக் கிளம்பி வேறெங்கோ போய் இறங்கினவர். அந்த ராசி ஊரையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. நவம்பர் கடைசியில் இங்கே நன்றி சொல்லும் திருநாள் வரும். வியாழக்கிழமை எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லி வான்கோழி சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்த நன்றியையெல்லாம் மறந்துவிட்டு, பாதி விலைக்கு டி.வி. வாங்க வரிசையில் நிற்பார்கள். நானும் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றேன்.

கடைக்குள் சுவர் முழுக்க டி.வி. எல்லாவற்றிலும் ஒரே கிளி. பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, இறகில் இழை இழையாக வெளிச்சம். சித்தப்பா, அவ்வளவு அழகான கிளியை நான் கிளியிடமே பார்த்ததில்லை. விற்பனைப் பையன் என்னைத் தோளைப் பிடித்து 8கே டி.வி.க்கு இரண்டடியில் கொண்டுபோய் நிறுத்தி, "பாருங்கள்" என்றான். பார்த்தேன். கிளியும் என்னைப் பார்த்தது. எங்கள் வீட்டில் யாரும் கிளி பார்ப்பதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"4கே என்றால் என்ன?" என்று கேட்டேன். கே என்றால் ஆயிரம், குறுக்கே நாலாயிரம் புள்ளிகள் என்றான். அட்டையைத் திருப்பினால் 3,840 என்று போட்டிருக்கிறது. "மீதி 160 எங்கே?" என்றேன். பையன் முழித்தான். நம்மூர் ரேஷன் கடையில் வளர்ந்தவனிடம் எடைக்குறைவு நடக்குமா? வீட்டுக்கு வந்து படித்ததில் விளங்கியது. சினிமாத் தியேட்டருக்கான 4கேயில் உண்மையிலேயே குறுக்கே 4,096 புள்ளி உண்டு. வீட்டு டி.வி.க்கு அதில் கொஞ்சம் வெட்டிவிட்டு, பெயரை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கைவேலையும் இருக்கிறது. 720, 1080 என்று சொன்ன காலமெல்லாம் மேலிருந்து கீழே எத்தனை வரிசை என்று எண்ணினார்கள். 4கே வந்ததும் சத்தமில்லாமல் டேப்பைக் குறுக்கே பிடித்துவிட்டார்கள். பழைய கணக்கில் எண்ணினால் அது வெறும் 2160. 1080க்கு நேர் இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் கடையில் திரையில் புள்ளி விழுந்தால் அது ரிப்பேர். "ஒரே புள்ளி புள்ளியா தெரியுது அண்ணே" என்று சைக்கிள் கேரியரில் டி.வி.யைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது அந்தப் புள்ளிக்குத்தான் காசு. ஃபுல் எச்.டி. என்றால் சுமார் 20 லட்சம் புள்ளி. 4கே என்றால் 83 லட்சம். 8கே 3 கோடியே 32 லட்சம். நீங்கள் ஏரியலை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து, தெருவே கூடி ரூபவாகினியில் மேட்ச் பார்த்தோமே, அந்தப் படம் மொத்தமே 625 வரி. அதிலும் படம் இருந்தது 576 வரியில்தான். அதில் பந்து தெரியவில்லை என்று ஒருவராவது சொல்லியிருப்பார்களா?

மூன்று கோடி புள்ளி என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அப்போதுதான் சித்தியின் மார்கழிக் கோலம் நினைவுக்கு வந்தது. வாசல் அதே வாசல்தான். புள்ளியைக் கூட்டினால் கோலம் நெருக்கமாகும், வாசல் பெரிதாகாது. கிட்டே குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் புள்ளி. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏழு புள்ளியும் பதினைந்து புள்ளியும் ஒரே வெள்ளை வட்டம்.

டி.வி.க்கும் அதே கணக்குதான். கண் டாக்டரிடம் போர்டு படித்து ஆறுக்கு ஆறு வாங்கின கண்ணால், ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். புள்ளிகள் அதைவிட நெருக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தக் கணக்கில் 55 இன்ச் ஃபுல் எச்.டி. டி.வி.யில் புள்ளி தெரிய வேண்டுமானால் ஏழடிக்குள் உட்கார வேண்டும். 4கேயின் புள்ளி தெரிய மூன்றரை அடிக்குள் வர வேண்டும். எங்கள் சோபாவிலிருந்து சுவர் பத்தடி. அதாவது 83 லட்சம் புள்ளிக்குக் காசு கொடுத்துவிட்டு, 20 லட்சம் புள்ளியைக்கூட எண்ண முடியாத தூரத்தில் சாய்ந்து கிடக்கிறேன்.

"டேய், கண்ணு கெட்டுப் போயிடும், தள்ளி உட்காருடா" என்று எத்தனை தடவை முதுகில் தட்டியிருப்பீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். இப்போது கிட்டே வா, கிட்டே வா என்று கூப்பிடுகிறது டி.வி.

பக்கத்து வீட்டு அமெரிக்கர் பாடு இன்னும் மோசம். அவர் 75 இன்ச்சில் 8கேயே வாங்கிவிட்டார். அதன் புள்ளியை ரசிக்க வேண்டுமானால் இரண்டரை அடியில் உட்கார வேண்டும். அந்தத் தூரத்தில் டி.வி.யின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். அவர் பன்னிரண்டடியில் பீர் கோப்பையோடு இருக்கிறார். சனிக்கிழமை ஓஹையோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் கால்பந்து. காலால் ஆடாத கால்பந்து, அது தனிக்கதை. என்னையும் கூப்பிட்டிருந்தார். இந்த நாட்டில் ஏரியலில் வருகிற ஃபாக்ஸ், ஏ.பி.சி. எச்.டி. ஒளிபரப்பு 720 வரிசைதான், என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் 1080. 720 என்றால் மொத்தம் ஒன்பது லட்சத்துச் சொச்சம் புள்ளி. மூன்று கோடிப் புள்ளித் திரையில் ஒன்பது லட்சத்தை ஊற்றினால் மீதியை டி.வி. தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு வெந்நீர் சேர்ப்பது மாதிரி. மனிதருக்கு மட்டும் சந்தோஷம் குறையவில்லை, ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஓடுவது என்ன? உங்கள் அண்ணி வந்து மூன்று மாதமாகிறது. காலையில் பக்திப் பாடல், மதியம் சீரியல், ராத்திரி யூடியூப்பில் பழைய படம். முதல் நாள் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டேன். 1968இல் வந்த படம், யாரோ எந்தக் காலத்து கேசட்டிலிருந்தோ ஏற்றியது. டி.வி. தன் புத்திசாலித்தனத்தையெல்லாம் காட்டி அதைத் துடைத்து மெருகேற்றியது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "சிவாஜி ஏன்டா மெழுகு பொம்மை மாதிரி இருக்கார்? பத்மினி நடந்தா சீரியல் மாதிரி வழுக்கிட்டுப் போறா?"

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சினிமா நொடிக்கு 24 படம். இந்த டி.வி. நடுவில் தானாகப் படங்களை நுழைத்து அசைவை வழவழப்பாக்கிவிடுகிறது. அந்த வசதியை அணைக்கிற இடம் மெனுவில் ஏழாவது அறையில் ஒளிந்திருந்தது. கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் உதவினார்களா என்று கேட்காதீர்கள். அவர்கள் அந்த 55 இன்ச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு இன்ச் போனில் படம் பார்க்கிறார்கள். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு முழம்கூட இல்லை. கணக்குப் பார்த்தால் வீட்டிலேயே புள்ளிகளை ஒழுங்காக அனுபவிப்பது அவர்கள் மட்டும்தான்.

பின்னே ஏன் 4கே வாங்கினாய் என்றால், 55 இன்ச்சில் இப்போது ஃபுல் எச்.டி. தேடினாலும் கண்ணில் படுவதில்லை. 329 டாலர், வரி தனி. ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வியாதி இருபது வருஷமாகியும் போகவில்லை, 28 ஆயிரம் வந்தது. இரண்டாம் நாளே ஒன்று தெரிந்தது. படம் பளிச்சென்று இருக்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. தகடு மாதிரி மெலிந்த டி.வி.யில் ஸ்பீக்கருக்கு இடமேது? இருக்கிற துண்டு ஸ்பீக்கரும் முதுகுப் பக்கம் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. தனியாக ஒரு சவுண்ட்பார் வாங்கி மாட்டினேன். அந்தக் காசு வீணில்லை.

இனி உங்கள் விஷயம். 8கேயை மறந்துவிடுங்கள். அதற்கென்று எடுத்த படம் உங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, என் தெருவுக்கும் வரவில்லை. 'பத்து வருஷத்துக்குக் கவலையில்லை' என்று கடைக்காரன் சொன்னால், கண்ணாடி போட்டுப் பார்க்கிற 3டி டி.வி.யையும் 2010 வாக்கில் இப்படித்தான் சொல்லி விற்றார்கள் என்று சொல்லுங்கள். 2017க்குள் பெரிய கம்பெனிகளே அதைக் கைகழுவிவிட்டன. உங்கள் ஹாலுக்கு 43 இன்ச் என்றால், ஆறடிக்கு மேல் தள்ளி உட்காருகிறவருக்கு ஃபுல் எச்.டி.யே தாராளம். அதே விலையில் 4கே கிடைத்தால் வாங்குங்கள், அதற்காகக் கூடக் கொடுக்காதீர்கள். மிச்சத்தை வெளிச்சம் நன்றாக இருக்கிற டி.வி.க்கும் சத்தத்துக்கும் போடுங்கள். சித்திக்கு அதுதான் உபயோகம்.

'நீ வரும்போது அங்கிருந்தே ஒன்று தூக்கி வா' என்று தம்பி மெல்ல ஆரம்பித்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2013 ஆகஸ்டிலிருந்து விமானத்தில் கொண்டுவரும் தட்டை டி.வி.க்குச் சலுகை கிடையாது, சுங்க வரி கட்ட வேண்டும். இங்கே விற்பதில் பல, நம்மூர் கரண்டில் சொருகினால் புகைந்துவிடும். ரிப்பேர் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள்தான், அதற்காக வேலை வைக்க வேண்டுமா?

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சாய்வு நாற்காலியிலிருந்து டி.வி. வைக்கிற சுவர் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். நாற்காலிக் காலிலிருந்து இல்லை, நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து, உங்கள் கண்ணிலிருந்து.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்