ஏரி பார்த்த பால்கனி

கொடைக்கானலில் ‘ஏரி பார்த்த மாதிரி ஒரு அஞ்சு சென்ட்’ எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எப்போதும் படியப் போகிறது. போன சீசனிலும் படியப் போனது. தை பிறக்கட்டும் என்பார். தை பிறந்ததும், அந்தப் பார்ட்டி விலையை ஏத்திட்டான்யா என்பார்.

மனை கிடைக்காவிட்டால் என்ன, பால்கனி எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. மதுரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது டீக்கடை பெஞ்சிலிருந்தே அங்கே ஏறிவிடுவார். “இங்கிட்டு ஒரு மூங்கில் நாற்காலி, அங்கிட்டு ஒரு டீப்பாய். காலையில எந்திரிச்சுக் கதவைத் தெறந்தா நேரா ஏரி!” பேச்சு முற்றினால், இல்லாத கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றப் போய் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொள்வார். அறைகளையும் பங்கு பிரித்தாகிவிட்டது. எனக்கு முதலில் ஏரிப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார். ஒருமுறை இடம் பார்க்கக் கூப்பிட்டபோது வர முடியாது என்றேன். செப்டிக் டேங்க் பக்கம் மாற்றிவிட்டார்.

இடம் பார்க்கும் படலம் தனி. புரோக்கர் காட்டும் சரிவில் ஏரி தெரியாது. ஜீப் பானட்டில் ஏறி நின்றாலும் தெரியாது. “அந்த ரெண்டு மரத்தை எடுத்துட்டாத் தெரியும்ணே” என்பார் புரோக்கர். மலையில் நினைத்தபடி மரத்தை வெட்ட முடியாது, அனுமதி வேண்டும். 1955-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. வெட்டினாலும் தெரியப்போவது இன்னொரு மலைதான். நின்றுகொண்டிருப்பது பெருமாள்மலையில், ஏரிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இவர் அசரமாட்டார். “அப்ப பால்கனியை ரெண்டாம் மாடியில போட்டுருவோம்!” அடுத்து வில்பட்டிப் பக்கம் ஒரு மனை, பால்கனி மூன்றாம் மாடிக்கு ஏறியது. பட்டா யார் பெயரில், பாதை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் நாம் அபசகுனம் பிடித்தவர்கள்.

ஏரிக்கரையிலேயே வாங்கலாமே என்பீர்கள். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. சுற்றிலும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை. அதை ஒட்டிப் பழைய பங்களாக்கள், கிளப், ஹோட்டல்கள். இவருக்கென்று அஞ்சு சென்ட் ஒதுக்கிவைக்க லெவிஞ்ச் துரைக்குத் தோன்றவில்லை.

2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது இவர் கொதித்ததைப் பார்க்க வேண்டும். “சொந்த ஊருக்குப் போகப் பாஸாய்யா?”

அதுவரை சிரிக்கலாம். வருத்தம் என்னவென்றால், காசு புரட்ட முடியாததால் மட்டுமே இவர் கட்டவில்லை; புரட்ட முடிந்தவர்கள் கட்டிவிட்டார்கள். மரம் நின்ற சரிவில் கான்கிரீட் நிற்கிறது. ஆளுக்கொரு பால்கனி போட்டால் அத்தனை வீட்டுக் கழிவும் சரிவில்தானே இறங்கும்? ஏரி பார்க்கக் கட்டிய வீடுகளே ஏரியைக் கெடுக்கும். இதைச் சொன்னால், “நம்ம ஒரு வீட்டாலயா கெட்டுப்போகப் போகுது?” என்பார். கட்டிய ஒவ்வொருவரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இவர் உங்களையும் இடம் பார்க்கக் கூப்பிடுவார். போய்வாருங்கள், மனுஷன் வழியில் வயிறு நிறைய வாங்கிக் கொடுப்பார். ஆனால் டோக்கன் அட்வான்ஸில் பாதி போடச் சொன்னால் மட்டும், வில்லங்கச் சான்றையும், மலையில் கட்ட வாங்க வேண்டிய ஹாகா அனுமதியையும் முதலில் காட்டச் சொல்லுங்கள். அதோடு உங்களுக்கும் செப்டிக் டேங்க் பக்கத்து அறைதான். பரவாயில்லை, பணம் மிச்சம்.