செத்த பல்பின் முகவரி

பல்பு வீட்டுக்குள் வரும்போது மேளதாளம்தான். 2009-இல் மத்திய அரசு 'பச்சத் லேம்ப் யோஜனா' என்று பெயர் சூட்டி, பழைய குண்டு பல்பைக் கொடு, 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் வாங்கிக்கொள் என்றது. மிச்ச விலையை கார்பன் வரவு விற்றுச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனிகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தது. நம் வீட்டுக் கூடத்தில் பல்பு மாறியதைக் கடல் தாண்டி விற்க வழி கண்ட மூளைகளுக்கு, அந்தப் பல்பு செத்தால் எடுத்துப்போக ஒரு சாக்குப்பை தோன்றவில்லை.

பொய் சொல்லக்கூடாது, மின்சாரம் மிச்சமானது. கூடவே பல்புக்குச் சில மில்லிகிராம் பாதரசமும் வீட்டுக்கு வந்தது. உடையாதவரை சாது. உடைந்தால்?

அதற்கும் நிபுணர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலைத் திற. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியேறு. பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வராதே. துடைப்பம் போடாதே. கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, ஒட்டும் டேப்பால் பொடியை ஒற்றி எடுத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அடை. அத்தனையும் சரியான யோசனை. வீடே ஓர் அறை என்கிறவர் எந்த அறைக்குப் போவது என்பது மட்டும் அதில் இல்லை. அவர் துடைப்பத்தால் பெருக்கி, முறத்தில் அள்ளி, போன மாதக் காலண்டர் தாளில் சுற்றி, நேற்றைய சாம்பாரோடு ஒரே பையில் போடுகிறார். நாலு அறை இருக்கிறவரும் அதையேதான் செய்கிறார். அவருக்கு என்ன சாக்கு என்று தெரியவில்லை.

சரி, ஊறுகாய் பாட்டிலில் அடைத்தாயிற்று. யாரிடம் கொடுப்பது?

இங்கேதான் நம் சட்டத்தின் அழகு. 2016-இன் திடக்கழிவு விதிகள் சிஎஃப்எல்லையும் டியூப்லைட்டையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே குறித்தன. வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும், திறந்திருக்கும் நேரத்தை அறிவிக்க வேண்டும் என்றன. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மிச்சத்துக்கும் ஒன்று சேர்த்து 22 மையம். உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது எது என்று எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அதே ஆண்டின் மின்கழிவு விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. கூடவே ஒரு குறியும் போடச் சொல்லின: குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் பெருக்கல் குறி, அதாவது தொட்டியில் போடாதே. கம்பெனி குறியை அச்சடித்தது. கடமை தீர்ந்தது.

காலையில் குப்பை வண்டி வரும்போது வாசலில் நின்று பாருங்கள். நாம் செருகிவைத்த டியூப்லைட் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியில் அடங்காது. வண்டியோடு வரும் அம்மா என்ன செய்வார்? விளிம்பில் ஒரே தட்டு. வெள்ளைப் பொடி முகத்துக்கு நேரே எழும்பும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். அலுமினிய மூடி காயலான் கடைக்கு, பாதரசம் அவர் நுரையீரலுக்கு. நாம் ஒழுங்காகச் செய்யும் தரம்பிரிப்பு இது ஒன்றுதான்.

பாதரசம் என்னவென்று தெரியாத மாநிலமா இது? கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு 7.4 டன் காயலான் கடையில் கிடந்தது 2001-இல் அம்பலமானது. ஆலையை மூடவைத்தோம். 2003-இல் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. அன்றைய கோபம் நியாயம். இன்று அதே வேலையை மில்லிகிராம் கணக்கில் வீட்டுக்கு வீடு செய்கிறோம். மூடச்சொல்ல ஆலையும் இல்லை.

எல்இடியில் பாதரசமே இல்லையே என்பார்கள். இல்லைதான். சர்க்யூட் போர்டு இருக்கிறது, அதுவும் மின்கழிவே. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்இடி பல்பு கொடுத்தாயிற்று. பரணில் செத்த டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

மையமெல்லாம் இருக்கிறதே என்று மாநகராட்சி ஐயாமார் பதில் எழுதக்கூடும். மகிழ்ச்சி. விதி அன்றே சொன்னபடி திறந்திருக்கும் நேரத்தை அறிவியுங்கள், பாட்டிலோடு வந்து வரிசையில் நிற்கிறோம். கீழே சின்ன எழுத்திலாவது இடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.