பூவுக்குப் பட்டா

தண்ணீர் ஊற்றுகிறவன், உரம் போடுகிறவன், பூச்சி பார்க்கிறவன், வெயிலுக்குத் தகுந்தபடி தொட்டியை இழுத்து இழுத்து இடுப்பு பிடித்துக்கொள்கிறவன், இத்தனை பேரும் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். ஆனால் பூ என்று ஒன்று பூத்துவிட்டால் அதற்கு உரிமை கொண்டாட ஊரே வரும். மார்ச், ஏப்ரலில் இது அவ்வளவாகத் தெரியாது. மல்லி கொட்டோ கொட்டென்று கொட்டும். யார் எடுத்தாலும் மிஞ்சும். வில்லங்கமெல்லாம் கோடையின் கடைசியில்தான். வரத்து குறைந்து, கேட்கிறவர்கள் கூடிப்போகிற காலம் அது.

கோடையின் கடைசி என்று நான் சொல்வது சென்னைக் கணக்கு. பஞ்சாங்கப்படி கத்திரி மே 28, 29 வாக்கில் முடிந்துவிடும். வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. 2003-இல் கத்திரியை வழியனுப்பிவிட்டு எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, மே 31 அன்றுதான் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் அடித்தது. அப்புறம் ஜூன் முழுக்க மேற்குக் காற்று. கடற்காற்று மத்தியானத்துக்கு மேல் யோசித்து யோசித்துக் கிளம்பும். தாம்பரம் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கே வேர்த்துவிடும். பிறகு ஆடியில் என்றாவது ஒரு சாயங்காலம் இடி இடித்து மழை பெய்யும். அதுவரை தாக்குப்பிடித்துப் பூக்கிறவைதான் என் தோட்டத்துப் பூக்கள். தோட்டம் என்றால் ஏக்கர் கணக்கு இல்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண், அதில் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. மற்றதெல்லாம் தொட்டி.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்ற ஊற்றத் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். வருஷம் முழுக்கத் தவறாமல் பூப்பது அது ஒன்றுதான். அதனால் ஏசித் தண்ணீருக்கு மாறினேன். அறைக் காற்றில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்து குழாய் வழியே சொட்டுகிறது, அதில் உப்பு இல்லை. அடியில் வாளி வைத்துப் பிடித்து மல்லிக்கு ஊற்றியதில் இலையெல்லாம் பளபளத்தது. இந்த அறிவியலை வீட்டில் விளக்கியது வம்பாகிவிட்டது. கல்லூரி விடுமுறையில் இருந்த மகன் காலை பத்து மணிக்கே ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். கேட்டால், "மல்லிக்காகத்தான்பா." அதே ஏசி வெளியே ஊதிய அனலில் பட்டன் ரோஸ் கருகிப்போனது தனிக்கதை. அந்த முறை வந்த கரண்டு பில்லுக்குக் கோயம்பேட்டில் பூவைக் கூடையாகவே வாங்கியிருக்கலாம்.

மல்லி அம்மாவின் ஆளுகையில் இருக்கிறது. 'மதுரை மல்லி' என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அதன் நாற்றுக்குப் பேர்போன ஊர் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். புகுந்த வீட்டில் பேர் வாங்கிய பூ. எங்கள் வீட்டில் புகுந்ததும் அது அம்மா பேச்சைத்தான் கேட்கிறது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்வது நான். மாலையில் மொட்டு விரிவதற்குள் பறிப்பது அம்மா. ஜூன் முடிகையில் கை நிறைய வந்தது உள்ளங்கையளவு ஆகும். அதைக் கட்டினால் கால் முழம். அம்பாள் படத்துக்கு ஒரு கண்ணி, மருமகளுக்கு ஒரு கண்ணி, ஆடி வெள்ளிக்குத் தாம்பூலம் வாங்க வருகிறவர்களுக்கு என்று ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு கண்ணி. காவிரிப் பங்கீட்டுக்குக்கூட நடுவர் மன்றம் இருந்தது. எங்கள் வீட்டு மல்லிக்கு மேல்முறையீடு கிடையாது.

போட்டியில்லாமல் எனக்கென்று இருப்பது டேபிள் ரோஸ். எந்த வெயிலுக்கும் அஞ்சாது. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் தொட்டி தெரியாமல் பூக்கும். தலையில் வைத்தால் நிற்காது, எங்கள் வீட்டில் சாமிக்கும் ஏற்றதில்லை. ஆகவே முழுச் சொந்தமும் எனக்கே. ஆனால் வெயில் ஏறினால்தான் விரியும், மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். நான் ஆபீஸ் கிளம்பும்போது திறந்திருக்காது, திரும்பும்போது கடை கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் சந்திக்கிறோம்.

செம்பருத்தி விஷயம் வேறு. அது யாருடையது என்பது இன்றுவரை தீராத வழக்கு.

விடியற்காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவர் ரிட்டயர்டு அதிகாரி. எதில் அதிகாரி என்று தெரியாது, தோரணை அப்படி. ஒரு கையில் நாய் விரட்டும் குச்சி, மறு கையில் ஜவுளிக்கடைப் பை. குச்சியின் நுனியில் ஒரு கம்பிக் கொக்கி. அந்தக் கொக்கி எந்த நாயையும் விரட்டியதில்லை. எங்கள் சுவருக்கு மேல் எட்டி, செம்பருத்திக் கிளையை வளைத்து, பூவைக் காம்போடு கிள்ளிப் பைக்குள் போடும். ஒருநாள் சீக்கிரம் எழுந்து கதவைத் திறந்தேன். கிளை அவர் கொக்கியில் இருந்தது. அவர் கிளையை விடவும் இல்லை, பதறவும் இல்லை.

"குட் மார்னிங். உங்க நட்சத்திரம் என்ன?"

"அனுஷம் சார்."

"கோத்திரம்?"

சொன்னேன். "தினமும் உங்க பேருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை பண்றேன். நட்சத்திரம் தெரியாம பொதுவாச் சொல்லிட்டிருந்தேன். இனிமே கரெக்டாப் போயிடும்" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது? நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

ஜூன் நடுவில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறியது. வெயில் காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கொழுந்தில் பஞ்சு ஒட்டியது போல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்புக்காக எறும்பு கூட்டமாக வந்து காவல் காக்கும். இலை சுருண்டு, மொட்டு விரியாமலேயே உதிரும். அதிகாரியிடமிருந்து புகார் வந்தது. "என்ன சார், மூணு நாளாப் பூவே சரியில்ல? சின்னதாப் போச்சு. வேப்பெண்ணெய் அடிக்கலையா?" அடித்தேன் என்றேன். "சோப்புக் கரைசல் சேத்தீங்களா? சேக்காட்டி எண்ணெய் தண்ணியில கலக்காது. இலைக்கு அடியிலயும் அடிக்கணும். வெயில் தாழ்ந்தப்புறம் அடிங்க, இல்லாட்டி இலை கருகிடும்." சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. அன்று சாயங்காலம் இலைக்கு அடியில் தலையைக் கொடுத்து மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தெருவில் நின்று "இடது பக்கம் விட்டுப்போச்சு" என்று காட்டிக்கொண்டிருந்தார். செடி தேறியது. பூ பெரிதாயிற்று. பை நிறைந்தது.

ஆடியில் பிரம்ம கமலம் மொட்டு விட்டது. ஒற்றை இலையை மண்ணில் செருகினால் வேர் பிடிக்கும் செடி. அது இலைகூட இல்லை, தட்டையான தண்டு. வருஷக்கணக்காகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மொட்டு நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கி, பூக்கிற நாளில் கழுத்தை வளைத்து நிமிர்ந்து பார்க்கும். அப்படி நிமிர்ந்த அன்று மாலை நான் ஒருவரிடம்தான் சொன்னேன், மனைவியிடம். அவள் ஒரே ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டாள்.

இரவு ஒன்பதுக்கு மேல் இதழ் பிரியத் தொடங்கியது. வாசலில் செருப்பு சேர்ந்துகொண்டே போனது. ஒரு மாமி தொட்டிக்குக் குங்குமம் இட்டாள், ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். அம்மா காபி டிக்காஷன் இரண்டாம் முறை இறக்கினாள். உள்ளங்கையை விடப் பெரிய வெள்ளைப் பூ, நடுவில் நட்சத்திரமாய் ஒரு சூலகமுடி, மாடிப்படி வரை வாசனை. மகன் சும்மா இருக்காமல், "இது மெக்ஸிகோப் பக்கத்துக் கள்ளி. நிஜ பிரம்ம கமலம் இமயமலையில இருக்கு, உத்தராகண்டோட மாநிலப் பூ" என்றான். கற்பூரம் ஏற்றிய மாமி திரும்பினாள். "மெக்ஸிகோவைப் படைச்சவரும் பிரம்மாதானேடா?" அவன் உள்ளே போய் ஏசியைப் போட்டுக்கொண்டான்.

நம்ம அதிகாரி முன்வரிசையில் இருந்தார். குச்சியைக் கொண்டுவரவில்லை, அது நல்லது. வருகிறவர்களை வரிசைப்படுத்தி, "கிட்டப் போகாதீங்க, தொடக்கூடாது, விடியறதுக்குள்ள வாடிடும், இப்பவே நல்லாப் பாத்துக்கோங்க" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "போன மாசம் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்து ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்றும் கேட்டது. என்னை நாற்காலி கொண்டுவரச் சொன்னார். மாடியிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கிக்கொண்டு வந்தால், தொட்டிப் பக்கம் போக வழியில்லை. அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஒரு நாற்காலியை வாங்கி உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.

"நீங்களும் பூ பாக்கத்தான் வந்தீங்களா தம்பி?"

"ஆமா சார்" என்றேன். "பக்கத்துலதான் வீடு."