கேலரிப் பலகையும் செருப்பு வீழ்ச்சியும்: சர்க்கஸ் திணைக்கு ஒரு புறனடை

சர்க்கஸைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். ஊஞ்சல், கயிறு, கூடாரத்தின் உச்சி. பலகைக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்த்த ஆய்வாளர் எவரும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் மதுரை தமுக்கம் மைதானம். காலம் 1986, முழுப்பரீட்சை லீவு. ஆய்வுப்பொருள் என் அத்தையின் வலதுகால் செருப்பு.

முதலில் திணை வரையறை. சர்க்கஸுக்கு நிலம், பொட்டலும் பொட்டல் சார்ந்த இடமும். பெரும்பொழுது கோடை, சிறுபொழுது ஏழு மணிக் காட்சி. கருப்பொருள் யானை, சிங்கம், பஃபூன், பொட்டலக் கடலை. உரிப்பொருள் தொலைத்தலும் தொலைத்தல் நிமித்தமும். குடை தொலைதல், டிக்கெட்டின் மறுபாதி தொலைதல், தம்பி தொலைதல் ஆகியன கிளைத்துறைகள். தலைமைத்துறை செருப்பு.

சர்க்கஸ் வந்த சேதியை எங்கள் வீட்டுக்குச் சொன்னது நோட்டீஸ் அல்ல, வானம். செல்லூர் மொட்டை மாடியில் படுத்திருந்தால் தமுக்கத்திலிருந்து கிளம்பும் சர்ச்லைட் ஒளி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் போகும். பத்து நாள் அப்பா அதைப் பார்க்காததுபோலவே படுத்திருந்தார். பதினோராம் நாள், "சரி, கிளம்புங்க" என்றார். அன்று சம்பள நாள். ஒளிக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

தமுக்கத்தில் நாயக்கர் காலத்தில் யானைச் சண்டை நடந்ததென்றும், அரண்மனையார் மாளிகையில் இருந்தபடி அதைக் கண்டுகளித்தார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் காலுக்கடியில் கெட்டித் தரை இருந்தது. எனவே அரச குலத்தில் செருப்பு வீழ்ச்சிக்குச் சான்று இல்லை. இது சவுக்குக் கட்டை கட்டி, பலகை அடுக்கி, மலிவு டிக்கெட்டுக்காரரை மேலே ஏற்றிய காலத்தின் சிக்கல்.

இதில் நான் குறை காண்பது பிலிப் ஆஸ்ட்லி என்ற இங்கிலாந்துக் குதிரை வீரரிடம். ஓடும் குதிரையின் முதுகில் ஒருவன் விழாமல் நிற்க வேண்டுமானால் அது எத்தனை பெரிய வட்டத்தில் ஓட வேண்டும் என்று அவர் 18ஆம் நூற்றாண்டிலேயே ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த 42 அடி விட்டம் இன்றும் உலகெங்கும் சர்க்கஸ் வட்டத்தின் அளவு. நல்லது. கேலரிப் பலகைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் இடைவெளி விடலாம் என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பின் 1880இல் பம்பாயில் இந்தியர்களின் முதல் சர்க்கஸை நடத்திய விஷ்ணுபந்த் சத்ரேயும் திறக்கவில்லை. 1901இல் தலச்சேரியில் சர்க்கஸ் பள்ளி வைத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் மாஸ்டர் வழிவந்தவர்கள், ஊஞ்சல் தவறினால் வலையில் எப்படி விழ வேண்டும் என்பதைக்கூடப் பாடமாகப் படித்தவர்கள். செருப்புக்கு வலை கட்ட எவருக்கும் தோன்றவில்லை.

இனி வீழ்ச்சியின் காரணம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றில் மருட்கையும் அச்சமும் நமக்கு வேண்டியவை. ஹவாய் செருப்பு நிற்பது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலான பிடியில். வியப்பு மேலிட்டால் வாய் பிளக்கும். கூடவே விரலும் விரியும். பயந்தால் விரல் மடங்கும், செருப்பு தப்பும். ஆகவே பஃபூன் கட்டத்தில் செருப்பு ஆடும், விழாது; பார் விளையாட்டில் நழுவும்; சிங்கம் வருகையில் விழும். சிங்கத்தைக் கண்டால் முதலில் வருவது பயமல்லவா என்று ஒரு சாரார் கேட்பர். கேலரி டிக்கெட்டில் அல்ல. பயம் முன்வரிசை நாற்காலிக்காரர்களுக்கு உரியது. அதற்குத்தான் அவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

அன்று வட்டத்தைச் சுற்றி இரும்புக் கூண்டைப் பூட்டி முடித்தார்கள். விளக்கு அணைந்தது. வளையத்தில் தீ ஏற்றினார்கள். அப்போது அத்தை, "அண்ணே, செருப்பு போச்சு" என்றாள்.

"இப்பவா? சிங்கம் வருதுங்க" என்றாள் அம்மா. அப்பா பேசவில்லை. அந்தச் செருப்பு அவர் வாங்கிக் கொடுத்தது, வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கி மறைந்தார். சிங்கம் பாய்ந்தது. மொத்தம் ஒரே வளையம், ஒரே பாய்ச்சல். பாய்ந்த பின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ரேஷன் வரிசையில் நிற்கும் ஆளைப்போல வேறெங்கோ பார்த்தது. இருபது நிமிடம் கழித்து அப்பா வந்தார், கையில் ஒரு வலதுகால் செருப்போடு. அது அத்தையுடையது அல்ல, வார் பச்சை. இருட்டில் கிடைத்ததை எடுத்திருக்கிறார். அதன் சொந்தக்காரி அத்தையின் நீல வாரோடு வீடு போயிருக்க வேண்டும் என்பது என் கருதுகோள். அத்தை நீலமும் பச்சையுமாகவே செல்லூர் வரை நடந்தாள்.

அன்றிரவு மாடியில் நான் தூங்குவதுபோல் கிடந்தேன். பலகைக்கு அடியில் புகுந்த அப்பா, வழி தவறி, கூடாரத்துக்குப் பின்னால் போய் வெளிப்பட்டிருக்கிறார். அங்கே மிருகக் கூண்டுகள். "ஒரு சிங்கம் நின்ன எடத்துலயே திரும்பிக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிறுத்தவே இல்ல" என்றார் அம்மாவிடம். அதனால்தான் இருபது நிமிடம். இதை அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பாய்ச்சலையோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தரவுகள் வருமாறு: அக்கா கல்யாணத்தில், 1994இல், வளையம் மூன்று. புதுமனை புகுவிழாவில் ஐந்து. "என்னங்க, நீங்கதான் கீழ இருந்தீங்களே" என்று அம்மா குறுக்கிட்டதற்கு, "கீழேருந்துதான் நல்லாத் தெரிஞ்சுது" என்றார். நேரில் பார்த்த எங்களிடம் யாரும் கதை கேட்டதில்லை. பார்த்தவனுக்கு ஒரே வளையம்தானே இருக்கிறது.

இந்த ஆய்வை மீண்டும் செய்து சரிபார்க்க வழியில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாதென 1998இல் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடிப் பார்த்தார்கள், 2001இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆய்வு கெட்டால் கெட்டுப்போகட்டும்.

சென்ற கோடையில் அப்பாவையும் என் மகளையும் ஒரு சர்க்கஸுக்குக் கூட்டிப் போனேன். பலகை இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. கீழே விழுந்தாலும் தரைதான். ஆனாலும் உட்கார்ந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். சைக்கிள் வந்தது, நாய்க்குட்டிகள் வந்தன.

"தாத்தா, சிங்கம் வராதா?"

"அதெல்லாம் அப்ப."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. மறுத்துச் சொல்ல அத்தையும் இப்போது இல்லை. மஞ்சப்பையின் காதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏழு வளையம்" என்றார்.